பனிப் பாலைவனத்தில் ஐம்பதாவது பிறந்த நாள்

செங்கற்பட்டு ஜில்லாவில், கல்பாக்கத்தை ஒட்டிய கடற்கரையில் இருக்கிறது புதுப்பட்டினம். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மழை கொட்டும். கிழக்கே கடலுக்கு மேல் கருமேகம் மலைபோல் எழும். அதைக் கண்டதும் மீனவர்கள் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள். பெண்கள் காயப்போட்ட கருவாட்டை அள்ளி உள்ளே வைப்பார்கள்.

அந்த மேகத்தின் உச்சியில் பனிக்கட்டி இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். புதுப்பட்டினம் உறைபனியைக் காணாத ஊர். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ மார்கழியில் போனவர்கள்தான், விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி படிந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் தரையிலிருந்து மூன்று மைல் உயரத்துக்கு மேல் போய்விட்டால், புதுப்பட்டினத்து ஆகாயமும் துருவப் பிரதேசம்தான். தண்ணீர் உறையும் குளிர் அங்கே தொடங்குகிறது. இடியோடு வரும் பெரிய மேகங்கள் எட்டு மைல், ஒன்பது மைல் உயரம் வரை எழுகின்றன. அவற்றின் மேல் பாகத்தில் கோடிக்கணக்கான பனித் துகள்கள் மிதக்கின்றன. அவை வளர்கின்றன, கனக்கின்றன, விழுகின்றன. விழும் வழியில் உருகி, மழைத் துளியாகிக் கூரையில் சொட்டுகின்றன.

எல்லா மழையும் இப்படிப் பெய்வதல்ல. நீர்த் துளியும் நீர்த் துளியும் மோதி ஒன்றாகிப் பெய்யும் மழையும் நம் நாட்டில் நிறைய உண்டு. ஆனால் உயர்ந்த மேகங்களில் பனித் துகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தத் துகள் எப்படி வளர்கிறது என்ற ரகசியத்தை 1911-ம் ஆண்டில் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தார் ஒரு ஜெர்மானியர். அவர் பெயர் ஆல்பிரட் வேகனர்.

புதுப்பட்டினத்துக்கு அவரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் கடல் பொங்கிக் கரையேறி, கல்பாக்கத்தையும் சுற்றுப்புறக் குப்பங்களையும் அடித்துச் சென்றது. பூமியின் மேலோடு துண்டு துண்டாக நகர்வதும், சுமத்ராவுக்கு அருகே ஒரு துண்டு இன்னொன்றின் அடியில் புகுவதுமே அந்தப் பேரலைக்குக் காரணம். நிலம் நகர்கிறது என்று உலகம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவரும் இதே வேகனர்தான்.

அவர் சென்னைக்கு வந்ததில்லை. அவருடைய வாழ்க்கை வெள்ளைப் பனியில் ஓடியது, அங்கேயே முடிந்தது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

வேகனர் 1880 நவம்பர் 1-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தகப்பனார் ரிச்சர்டு வேகனர் பாதிரியார். பள்ளியில் பழைய மொழிகளைக் கற்பித்தவர். அநாதைப் பிள்ளைகள் விடுதி ஒன்றையும் நடத்தினார். ஐந்து குழந்தைகளில் ஆல்பிரட்தான் கடைக்குட்டி. இரண்டு வயது மூத்த அண்ணன் குர்ட் மீது தம்பிக்கு உயிர். இருவரும் சேர்ந்தே மலை ஏறினார்கள்; சேர்ந்தே பனியில் சறுக்கினார்கள்.

ஆல்பிரட் வான சாஸ்திரம் படித்து 1905-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் இரவெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பது அவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை. கால் நடக்க வேண்டும், கை வேலை செய்ய வேண்டும், அதோடு மூளையும் வேலை செய்ய வேண்டும் என்று விரும்பினார். காற்றையும் மேகத்தையும் ஆராயும் வானிலை சாஸ்திரம் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. அதில் குதித்தார்.

பெர்லினுக்குத் தென்கிழக்கே லின்டன்பெர்க் என்ற ஊரில், பட்டமும் பலூனும் விட்டு மேல்காற்றை அளக்கும் நிலையம் இருந்தது. அங்கே அண்ணனும் தம்பியும் வேலை பார்த்தார்கள். 1906 ஏப்ரலில் இருவரும் ஒரு பலூனில் ஏறினார்கள். திசை அறியும் கருவிகளைச் சோதிக்கத்தான் போனார்கள். இறங்க மனமில்லாமல் ஐம்பத்திரண்டரை மணி நேரம் ஆகாயத்திலேயே இருந்துவிட்டார்கள்! குளிருக்குப் போதிய துணி இல்லை. சாப்பாடும் கொஞ்சம்தான். அதற்குமுன் உலகில் யாரும் அத்தனை நேரம் பலூனில் பறந்ததில்லை.

அதே ஆண்டில் டென்மார்க் நாட்டார் கிரீன்லாந்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தை அனுப்பினார்கள். அதில் வேகனருக்கும் இடம் கிடைத்தது.

பெயர் பச்சை, நிறம் வெள்ளை

கிரீன்லாந்து என்றால் பசுமை நாடு என்று அர்த்தம். உண்மையில் அதன் ஐந்தில் நான்கு பாகம் பனிக்கட்டி. அந்தத் தீவு இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு பெரியது. நடுவில் பனிக்கட்டியின் கனம் இரண்டு மைலை நெருங்குகிறது. மரம் இல்லை, மண் இல்லை. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனும் இல்லை.

வேகனர் அங்கே இரண்டு குளிர்காலம் தங்கினார். கிரீன்லாந்தின் வடகிழக்குக் கரையில் வானிலை நிலையம் அமைத்துப் பட்டங்களையும் பலூன்களையும் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். அவை கொண்டுவந்த குளிர்க் கணக்கையும் காற்றுக் கணக்கையும் எழுதிவைத்தார். அந்தப் பயணத்தில் 1907-ல் ஒரு பெரிய துக்கம் நேர்ந்தது. தலைவர் மிலியஸ் எரிக்சனும் இரண்டு தோழர்களும் தூரப் பயணம் போய்ப் பட்டினியிலும் குளிரிலும் மாண்டார்கள். பனி என்ன செய்யும் என்பதை வேகனர் இருபத்தேழு வயதிலேயே பார்த்துவிட்டார். இருந்தும் அதை விட்டு விலகவில்லை.

திரும்பி வந்ததும் மார்புர்க் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். மாணவர்களுக்கு அவர் பாடம் மிகவும் பிடித்தது. கடினமான கணக்கைக்கூட எளிய பேச்சில் விளக்குவார். அந்தப் பாடங்களைத் தொகுத்து 1911-ல் புத்தகமாக்கினார். குளிர்ந்த மூடுபனியில் பனித் துகள் வளரும் விஷயம் அதில்தான் வருகிறது.

உப்பு ஜாடியும் பனித் துகளும்

தண்ணீர் சைபர் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படிக்கிறோம். குளத்துக்கும் குடத்துக்கும் அது சரி. மூடுபனியில் மிதக்கும் மிகச் சிறிய துளிக்கு அது சரியாக இருப்பதில்லை. அந்தத் துளி தலைமயிரின் கனத்தில் ஒரு சிறு பங்குதான். சைபருக்குக் கீழே பத்து டிகிரி, இருபது டிகிரி குளிரிலும் அது தண்ணீராகவே இருக்கும். உறைவதற்கு அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். ஏற்ற தூசி ஒன்று கிடைத்தால்தான் சட்டென்று பனியாகும். கிடைக்காவிட்டால், ஏறக்குறைய நாற்பது டிகிரி குளிர் வரை தாக்குப்பிடிக்கும்.

இப்படி உறையாத துளிகள் நிறைந்த குளிர்ந்த மூடுபனியில் ஒரே ஒரு பனித் துகள் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. துளியிலிருந்து நீராவி வெளியே போகும்; வெளியிலிருந்து துளிக்கும் வந்து சேரும். போவதும் வருவதும் சமமானால் துளி அப்படியே இருக்கும். பனிக்கட்டியின் கணக்கு வேறு. அது தன்னிடம் வந்த நீராவியை எளிதில் விடுவதில்லை. இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் துளிக்குப் போதும் போதாததாக இருக்கும் காற்று, பனித் துகளுக்கு விருந்து. சைபருக்குக் கீழே பத்து டிகிரியில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து.

கடலோர வீடுகளில் இதைப் போன்ற ஒன்றைத் தினமும் பார்க்கலாம். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காய்வதில்லை. அதே வீட்டில், மூடாமல் வைத்த உப்பு ஜாடியில் உப்பு கசிந்து நீர்விடுகிறது. ஒரே காற்றுதான். உப்பு மட்டும் அதிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. உப்பு இழுப்பதற்குக் காரணம் வேறு, பனி இழுப்பதற்குக் காரணம் வேறு. ஆனால் நடக்கிற காரியம் ஒன்றே.

பனித் துகள் நீராவியை இழுக்க இழுக்க, சுற்றியுள்ள காற்று வறள்கிறது. காற்று வறண்டதும் நீர்த் துளிகள் ஆவியாகின்றன. அந்த ஆவியும் பனித் துகளுக்கே போய்ச் சேர்கிறது. துளிகள் மெலிய மெலியத் துகள் பருக்கிறது. சைபருக்குக் கீழே பதினைந்து டிகிரிக் குளிரில் இந்த வளர்ச்சி மிகவும் வேகம். பத்துப் பதினைந்து நிமிஷத்தில், கண்ணுக்குத் தெரியாத துகள் கண்ணுக்குத் தெரியும் ஆறு மூலைப் பூவாகிவிடும். குளிரைப் பொறுத்து உருவமும் மாறும். ஐந்து டிகிரிக் குளிரில் ஊசியாக வளரும். பதினைந்தில் ஆறு கிளை விட்ட கோலம்போல் விரியும்.

மூடுபனித் துளி ஒரு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. இறங்கினாலும் சிறு காற்று அதைத் தூக்கிவிடும். வளர்ந்த பனித் துகள் அதைப்போல் முப்பது நாற்பது மடங்கு வேகத்தில் விழும். விழும்போது வழியில் உள்ள துளிகள் அதன்மேல் மோதி ஒட்டி உறையும். துகளோடு துகள் பின்னிக்கொண்டு பஞ்சுபோலவும் இறங்கும். சிறிது நேரத்தில் மூடுபனியே கலைந்துபோகிறது. அதில் இருந்த தண்ணீரெல்லாம் பனித் தூவலாகத் தரையில் கிடக்கிறது.

உறைபனி படிவதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேகனர் இந்தக் கருத்துக்கு வந்தார். மழைக்கு இதுவே வழி என்பதை விரிவாகக் காட்டியவர் வேறொருவர். டோர் பெர்கெரான் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி 1922-ல் நார்வேயில் ஒரு மலைமேல் தங்கியிருந்தார். அங்கே ஊசியிலை மரக்காட்டின் நடுவே ஒரு பாதை. மூடுபனி வரும் நாளில் அதில் உலாவுவார். குளிர் குறைவான நாளில் மூடுபனி தரைவரை இறங்கி நின்றது. சைபருக்குக் கீழே போன நாளிலோ, மரங்களுக்கு இடையே பாதை பளிச்சென்று இருந்தது. மூடுபனி மேலேயே நின்றுவிட்டது. கிளைகளில் படிந்த உறைபனி நீராவியை உறிஞ்சிவிட்டதே காரணம் என்று பெர்கெரான் கண்டுகொண்டார். மேகத்துக்குள்ளும் இதுவே நடக்க வேண்டும் என்று கருதி 1930-களில் அதை வெளியிட்டார். வேகனருக்கு உரிய பெருமையை மறைக்காமல் கொடுத்தார். பிறகு ஜெர்மனியின் பின்டைசன் மேலும் விளக்கினார். இன்று மூவர் பெயராலும் அந்தச் செயல் வழங்குகிறது.

கடைசி நாயும் பாதிரியார் படகும்

1912-ல் வேகனர் மறுபடியும் கிரீன்லாந்துக்குப் போனார். தலைவர் டென்மார்க்கைச் சேர்ந்த கோக். அவர்களோடு இன்னும் இருவர். சாமான் சுமக்க ஐஸ்லாந்து மட்டக் குதிரைகள். பனிக்கட்டியின் மேலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, தீவின் மிக அகலமான பாகத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பது திட்டம். கோக் பனி வெடிப்பில் விழுந்து கால் ஒடிந்து மாதக்கணக்கில் படுத்தார். ஆனாலும் 1913 கோடையில் நால்வரும் சுமார் 700 மைல் நடந்து கடந்தார்கள். ஒவ்வொரு குதிரையாக மடிந்தது. மேற்குக் கரையைத் தொட்டபோது உணவு முழுவதும் தீர்ந்துவிட்டது. கூடவே நடந்துவந்த நாயையும் கடைசியில் கொன்று சமைத்தார்கள். அந்த நேரத்தில் கடலில் ஒரு படகு தெரிந்தது. தூரத்துச் சபையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த பாதிரியார் ஒருவர் அவர்களை ஏற்றிக் காப்பாற்றினார்.

உயிரோடு திரும்பிய வேகனர் அதே ஆண்டில் எல்சா என்ற பெண்ணை மணந்தார். எல்சாவின் தகப்பனார் கோப்பன் சாமானியர் அல்ல. உலகத்தைத் தட்பவெப்பப்படி பிரித்துக் காட்டிய பேரறிஞர். பூகோளப் பாடத்தில் அவர் பெயர் இன்றும் வருகிறது. எல்சாவுக்கும் வேகனருக்கும் மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன.

நிலம் நகர்கிறது

1910-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் வேகனர் ஒரு புதிய நிலப்படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும், கிழித்த காகிதத்தின் இரு பாதிபோல் பொருந்துவது அவர் கண்ணை உறுத்தியது. 1912 ஜனவரி 6-ந் தேதி பிராங்க்பர்ட் நகரில் அதைப் பற்றிப் பேசினார். எல்லாக் கண்டங்களும் ஒரு காலத்தில் ஒன்றாய் இருந்தன. பிறகு பிரிந்து நகர்ந்தன என்றார். மாமனார் கோப்பனே முதலில் தடுத்தார். தெரிந்த தொழிலை விட்டு எதற்கு வீண் வம்பு என்பது அவர் எண்ணம்.

1914-ல் உலக யுத்தம் மூண்டது. வேகனர் பட்டாளத்துக்குப் போய் இரண்டு முறை குண்டுக் காயம்பட்டார். காயத்தோடு படுத்திருந்த நாட்களில் அந்தக் கருத்தைப் புத்தகமாக வளர்த்தார். 1915-ல் அது வெளியாயிற்று. தொண்ணூற்றுச் சொச்சம் பக்கம்தான். உலகத்தின் பூகர்ப்ப சாஸ்திரிகள் பலர் கொதித்தார்கள். 1926-ல் நியூயார்க்கில் கூடிய கூட்டத்திலும் எதிர்ப்பே பலமாக இருந்தது. வானிலைக்காரனுக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி செய்தார்கள்.

அவர் கையில் பிடித்த சாட்சிகளில் சில நம் நாட்டு மண்ணில் கிடக்கின்றன. ஒரிசாவில் தால்சர் என்ற இடத்தில், பனியாறு உருட்டிக்கொண்டுவந்த கற்கள் பழைய பாறைக்குள் புதைந்திருப்பதை 1856-லேயே கண்டிருந்தார்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனியாறு எப்படி வந்தது? அதே காலத்துப் பனித் தடம் தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் தென் துருவத்தைச் சுற்றி ஒன்றாய்ச் சேர்த்து வைத்தால் புதிர் அவிழ்கிறது. அந்தப் பழைய பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் பெயரால் வழங்கும் பாறைகளில் ஒரு வகை, செடிகளின் அச்சுப் பதிந்தபடி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் இருக்கிறது.

பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உடைத்தெடுக்கும் கருநீலக் கல்லை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சார்னோக்கைட் என்று அதற்குப் பெயர். சுமார் 250 கோடி ஆண்டு வயதானது. அதே இனத்துப் பாறை தென் துருவக் கண்டத்தின் கிழக்குப் பகுதியிலும் இருக்கிறது. நம் கிழக்குக் கரை அந்தக் கண்டத்தோடு ஒட்டியிருந்து, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்று இன்று கணக்கிடுகிறார்கள். புதுப்பட்டினத்துக்கு எதிரே அலையடிக்கும் கடல் அந்தப் பிளவில் வந்து நிரம்பிய தண்ணீர்தான்.

கண்டத்தை நகர்த்துகிற பலம் எது என்பதுதான் வேகனருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவர் காட்டிய காரணங்கள் போதவில்லை. எதிரிகள் அந்த ஓட்டையையே பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் அவருக்குப் பெரிய பதவி எதுவும் தேடி வரவில்லை. 1924-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரச் சர்வகலாசாலைதான் பேராசிரியர் வேலை கொடுத்தது.

நாற்பது நாள் பயணம்

1930-ல் வேகனருக்கு ஐம்பது வயது நெருங்கியது. அந்த ஆண்டு அவரே தலைவராக ஒரு பெரிய ஜெர்மானியக் கூட்டம் கிரீன்லாந்துக்குப் போயிற்று. மேற்குக் கரையில் ஒரு நிலையம், கிழக்குக் கரையில் ஒரு நிலையம். நட்ட நடுவில், கரையிலிருந்து 250 மைல் உள்ளே, கடல் மட்டத்துக்கு 10,000 அடி உயரத்தில் இன்னொன்று. அந்த நடு நிலையத்தில் இருவர் குளிர்காலம் முழுவதும் தங்கி, ஓராண்டு முழுவதும் காற்றையும் குளிரையும் பனியையும் அளக்க வேண்டும். அதுவரை எந்த மனிதனும் செய்யாத காரியம்.

ஆரம்பமே சகுனம் சரியில்லை. கரையோரக் கடல் உறைந்து கிடந்ததால், கப்பலில் வந்த சாமானை இறக்க ஐந்து வாரத்துக்கு மேல் தாமதம். விசிறி வைத்த மோட்டார்ச் சறுக்கு வண்டிகள் புதுப் பனியில் சிக்கி நின்றுவிட்டன. நடு நிலையத்தில் கியோர்கி, சோர்கே என்ற இரண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களிடம் ரேடியோ இல்லை. குளிர்காலத்துக்குப் போதுமான எண்ணெயும் இல்லை. அக்டோபர் 20-ந் தேதிக்குள் சாமான் வராவிட்டால் நாங்கள் நடந்தே கரைக்குப் புறப்படுவோம் என்று நாய் வண்டிக்காரர்களிடம் கடிதம் கொடுத்தனுப்பினார்கள்.

அந்தக் கடிதம் வேகனரைக் கலக்கிவிட்டது. 250 மைலை அந்தக் குளிரில் இருவரும் நடந்தால் சாவு நிச்சயம். செப்டம்பர் 21-ந் தேதி அவரே புறப்பட்டார். கூட லோவே என்ற விஞ்ஞானி, நாய் வண்டி ஓட்டுவதற்குக் கிரீன்லாந்து நாட்டவர் பதின்மூன்று பேர், பதினைந்து வண்டிகள்.

புயல் அடித்தது. நாய்கள் மார்பளவு பனியில் புதைந்தன. வண்டிக்காரர்களுக்கு அது உயிரோடு விளையாட்டு என்று தெரிந்துவிட்டது. முதலில் ஒரு கூட்டம் திரும்பிற்று. பிறகு இன்னொரு கூட்டம். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. கடைசியில் ஒரே ஓர் இளைஞர்தான் மிஞ்சினார். ராஸ்மஸ் வில்லும்சன் என்று பெயர். வயது இருபத்துச் சொச்சம். சாமான்களையும் வழியில் போட்டுவிட வேண்டியதாயிற்று. மூன்று பேரும் வெறும் ஆளாக நடந்தார்கள். குளிர் சைபருக்குக் கீழே ஐம்பது டிகிரியையும் தாண்டியது.

நாற்பது நாள் கழித்து அக்டோபர் 30-ந் தேதி நடு நிலையத்தை அடைந்தார்கள். அங்கே பார்த்தால், கியோர்கியும் சோர்கேயும் புறப்படவே இல்லை! பனிக்குள் குகை வெட்டி, இருப்பதைச் சுருக்கிச் செலவழித்து, குளிர்காலத்தை அங்கேயே கழிக்க முடிவுசெய்திருந்தார்கள். ஒரு ரேடியோ இருந்திருந்தால் அந்த நாற்பது நாள் பயணமே வேண்டியிருந்திருக்காது.

லோவேயின் கால் விரல்கள் உறைந்து செத்துவிட்டன. மயக்க மருந்து கிடையாது. பேனாக் கத்தியையும் தகரம் வெட்டும் கத்தரியையும் வைத்து கியோர்கியே அவற்றை வெட்டி எடுத்தார். லோவே நடக்க முடியாது. தங்கித்தான் ஆக வேண்டும். மூன்று பேருக்கு உணவு இழுத்துப் பறித்துப் போதும். ஐந்து பேருக்குப் போதாது.

வேகனர் தயங்கவில்லை. இரண்டு இரவு தங்கினார். நண்பர்கள் தோண்டிய குகையைப் பார்த்து மகிழ்ந்தார். நவம்பர் 1-ந் தேதி அவருடைய ஐம்பதாவது பிறந்த நாள். அன்று காலை அவரும் வில்லும்சனும் இரண்டு வண்டி, பதினேழு நாய்களோடு மேற்கே கிளம்பினார்கள். வெள்ளைப் பரப்பில் இரண்டு கரும்புள்ளிகள் சிறுத்து மறைந்தன.

நட்டுவைத்த பனிச் சறுக்குக் கட்டை

மேற்கு நிலையத்தில் இருந்தவர்கள், வேகனர் நடு நிலையத்தில் தங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். நடு நிலையத்தில் இருந்தவர்கள், அவர் மேற்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தார்கள். அந்த நம்பிக்கையோடு ஆறு மாதம் ஓடிற்று. 1931 மே மாதம் மேற்கிலிருந்து வண்டிகள் போனபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

மே 12-ந் தேதி பாதி வழியில் கண்டுபிடித்தார்கள். பனியில் இரண்டு சறுக்குக் கட்டைகள் நிமிர்ந்து நின்றன. அவற்றின் நடுவே தோண்டினார்கள். கலைமான் தோலும் படுக்கை உறைகளும் தெரிந்தன. உறைகளுக்குள் வைத்துத் தைத்து, வேகனரை ஒழுங்காக அடக்கம் செய்திருந்தார் வில்லும்சன். முகம் அமைதியாக இருந்தது. உடம்பில் குளிர் தாக்கிய பெரிய காயம் இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஓடி ஓடி இதயம் நின்றிருக்க வேண்டும் என்று கருதினார்கள்.

உடலை எடுக்க வேண்டாம், பனியிலேயே இருக்கட்டும் என்று எல்சா சொல்லிவிட்டார். இருந்த இடத்திலேயே பனிக்கட்டியால் சமாதி கட்டினார்கள். பின்னர் இருபதடி உயர இரும்புச் சிலுவை ஒன்றையும் நட்டார்கள். அண்ணன் குர்ட் வந்து கூட்டத்துக்குத் தலைமை ஏற்றுத் தம்பி தொடங்கிய வேலையை முடித்தார்.

அந்த வேலை வீண்போகவில்லை. நடு நிலையத்தில் மூவரும் இருட்டுக் குகையில் உயிரோடு இருந்து, ஒரு நாளும் தவறாமல் அளவு எடுத்திருந்தார்கள். சோர்கே பனிக்குள் ஐம்பதடி ஆழம் குழி தோண்டி, ஆண்டுக்காண்டு பெய்த பனி எப்படி அடுக்கடுக்காக அமுங்கிக் கிடக்கிறது என்று படித்தார். பனிக்கட்டியைத் துளைத்தெடுத்துப் பழங்காலத்துத் தட்பவெப்பத்தைக் கண்டறியும் இன்றைய ஆராய்ச்சிக்கு அந்தக் குழி ஒரு முன்னோடி. கால் விரல்களை இழந்த லோவே யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டை விட்டு வெளியேறி, ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் வானிலை சாஸ்திரம் கற்பித்தார்.

பெட்டிக்குள் மூடுபனி

பனித் துகள் விஷயம் 1946-ல் அமெரிக்காவில் ஒரு புதுத் திருப்பம் கண்டது. வின்சென்ட் ஷேபர் என்பவர் குளிர்ப்பெட்டிக்குள் மூச்சை ஊதி, மூடுபனி உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உறையாத துளிகள் மிதந்தன. பெட்டியை இன்னும் குளிரவைக்க ஒரு துண்டு உலர்பனியைப் போட்டார். அந்த நொடியில் பெட்டி முழுவதும் பனித் துகள்கள் மின்னின! நவம்பரில் விமானத்தில் ஏறி, ஒரு மேகத்தின் மேல் உலர்பனியைத் தூவினார். மேகத்திலிருந்து பனி இறங்கிற்று. வெள்ளி அயோடைடு என்ற பொருளும் அதே வேலையைச் செய்யும் என்று அவருடைய சகா பெர்னார்டு வானேகட் கண்டார். தமிழ்நாட்டில் 1980-களில் வறட்சி வாட்டியபோது மேகத்தில் மருந்து தூவி மழை வரவழைக்க முயன்றதும் இந்த வழியில் வந்ததுதான். மேகமே இல்லாத வானத்தில் எதைத் தூவினாலும் பயன் இல்லை. மேகம் இருந்தாலும், தானாகப் பெய்திருக்கும் மழை எவ்வளவு, தூவியதால் பெய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கண்டங்கள் நகரும் கதைக்கும் காலம் வந்தது. 1950-களிலும் 1960-களிலும் கடலின் அடித்தளத்தையும், பாறைக்குள் பதிந்த காந்தத் திசையையும் அளந்தார்கள். கடல் நடுவே புதிய தரை பிறந்து இரு பக்கமும் விலகுவது தெரிந்தது. 1960-களின் கடைசியில் உலக விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இந்தியா ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் வடகிழக்கே நகர்ந்து இமயமலையை முட்டிக்கொண்டிருக்கிறது.

எல்சா நெடுங்காலம் வாழ்ந்தார். கணவரை உலகம் கேலி செய்ததையும் பார்த்தார். அதே உலகம் கொண்டாடியதையும் பார்த்தார். நூறு வயது நிறைந்து 1992-ல் காலமானார். மகள் லோட்டே மணந்தவர் மலையேறும் வீரர் ஹெய்ன்ரிச் ஹாரர். இரண்டாம் உலக யுத்தத்தில் டேராடூன் காவல் முகாமிலிருந்து 1944-ல் தப்பி, இமயத்தைத் தாண்டித் திபேத்துக்குப் போனாரே, அவரேதான்.

வேகனரின் சமாதிமேல் ஒவ்வோர் ஆண்டும் புதுப் பனி விழுகிறது. சிலுவை என்றோ மூழ்கிப்போயிற்று. அந்த இடத்துப் பனிக்கட்டி முழுவதும் மெல்ல மெல்ல மேற்குக் கடலை நோக்கி நகர்கிறது. அதோடு அவரும் நகர்கிறார்.

ராஸ்மஸ் வில்லும்சனைத் தேடிப் போனவர்கள், அவர் மேற்கே தனியாகச் சென்ற தடத்தைச் சிறிது தூரம் வரை கண்டார்கள். அப்புறம் தடம் இல்லை. வேகனரின் நாட்குறிப்பை அவர் பத்திரமாக எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தார். அவரும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் கிடைக்கவில்லை.